ஐயம் எழுந்தால் ஆங்கிலமே இறுதி

2018 மே 6 அன்று நடந்த நீட் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் 24,720 பேர். அந்த வினாத்தாளின் 180 கேள்விகளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று அச்சிட்டிருந்தார்கள். உயிரியலைத் தமிழில் படித்த மாணவிக்கு அதைப் பார்த்ததும் விலங்கு நினைவுக்கு வந்திருக்குமா, பழம் நினைவுக்கு வந்திருக்குமா?

கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலையில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை விதித்தது, நவம்பரில் அந்த உத்தரவை ரத்தும் செய்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் மதிப்பெண் தருவது சரியான தீர்வா என்று வாதிடலாம். ஆனால் தேர்வு விதியில் இருந்த ஒரு வரியை மறக்க முடியாது: மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி.

பயிற்றுமொழிச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. தமிழில் படிக்கலாம், எழுதலாம். தீர்ப்பு மட்டும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படிப்பவர்கள் யார்? பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். சேரியிலிருந்தும் கூலி வேலை செய்யும் வீடுகளிலிருந்தும் வருகிறவர்கள். பிழை செய்தவர்கள் அதிகாரிகள், விலை கொடுத்தவர்கள் இந்தப் பிள்ளைகள்.

அப்படியானால் எல்லோரும் ஆங்கிலவழிக்கு மாறிவிட்டால் போதுமா? ஆங்கிலத்தின் மீது ஒடுக்கப்பட்டோருக்கு இருக்கும் வேட்கை நியாயமானது. 1854இல் வெளியான தன் கவிதைத் தொகுப்பிலேயே சாவித்திரிபாய் புலே ஆங்கிலம் கற்கச் சொன்னார். பெரியாரும் ஆங்கிலத்தை வலியுறுத்தினார். தன் பிள்ளையைக் கான்வென்ட்டுக்கு அனுப்பிவிட்டு, நம் பிள்ளைக்குத் தாய்மொழிப் பெருமையைப் போதிப்பவரை நாம் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் ஆங்கிலம் கற்பது வேறு, புரியாத ஆங்கிலத்தில் அறிவியல் கற்பது வேறு. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. பல பள்ளிகளில் ஆசிரியர் அதே ஆசிரியர்தான், மாறியது புத்தகம் மட்டுமே. அங்கே ‘ஆக்சலரேஷன்’ என்பதற்கான வரையறையைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது. மாட்டை முடுக்கினால் வேகம் கூடும் என்று தெரிந்த பிள்ளைக்கு ‘முடுக்கம்’ என்ற சொல்லிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. அதைப் பறித்துவிட்டு, ஈடாக ஆங்கிலத்தையும் உருப்படியாகத் தரவில்லை என்றால், அது இரட்டை மோசடி.

‘தமிழா, ஆங்கிலமா’ என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கின்றன: பள்ளியில் ஆங்கிலம், புரியாததை வீட்டில் தமிழில் விளக்கப் படித்த பெற்றோர். அந்த இரண்டும் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

கணக்கும் அறிவியலும் பத்தாம் வகுப்பு வரையாவது தமிழில் புரியும்படி நடத்தப்பட வேண்டும். கலைச்சொற்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். ஆங்கிலத்தை முதல் வகுப்பிலிருந்தே பேசவும் எழுதவும் கற்றுத்தர, பயிற்சி பெற்ற தனி ஆசிரியர் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்க வேண்டும்.

நீட் வேண்டாம் என்பதே நம் நிலை. அது இருக்கும்வரை, தமிழ் வினாத்தாளைப் பாடம் நடத்தும் தமிழாசிரியர்களல்ல, அந்தந்த அறிவியல் பாடத்தைத் தமிழில் நடத்தும் ஆசிரியர்கள் சரிபார்க்க வேண்டும். பிழையான கேள்விக்கான இழப்பைத் தேர்வை நடத்துபவர் ஏற்க வேண்டும், எழுதியவர் அல்ல.

தாய்மொழிவழிக் கல்வி பற்றி 2020 தேசியக் கல்விக் கொள்கையும் பேசுகிறது, மேடைகளும் பேசுகின்றன. பேசுபவர்களிடம் ஒன்றைக் கேட்போம்: ஐயம் எழும்போது தமிழ்ப் பிள்ளை படித்த தமிழும் செல்லும் என்று விதியில் எழுதத் தயாரா?