எங்க சட்டைக்கு எவன் முத்திரை?

போன பொங்கலுக்கு அக்கா மகன் செல்போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். "மாமா, ஒரிஜினல் 4,000 ரூவா. இது ஃபர்ஸ்ட் காப்பி, 600தான். பக்கத்துல வச்சுப் பாத்தாலும் வித்தியாசம் தெரியாது." ராத்திரி பூரா ஆப் ஆப்பாத் தேடியிருக்கிறான்.

கூட இருந்த தோழர் சிரித்தார். "நுகர்வு மோகம்" என்றார். அவர் போட்டிருந்தது கசங்கின கதர் ஜிப்பா. அவர் போட்டா அது எளிமை. அதே கசங்கலோட எங்க பையன் பஸ்ஸில் ஏறினா அதுக்குப் பேர் எளிமை இல்ல, சேரி. வங்கி கவுண்ட்டருக்குப் பின்னால் பத்து வருஷமா உட்கார்ந்திருக்கிறேன். எந்தச் சட்டையைப் பார்த்தால் "சார், உட்காருங்க" வரும், எந்தச் சட்டையைப் பார்த்தால் "ஓரமா நில்லு" வரும் என்று எனக்குத் தெரியும். எளிமையைத் தேர்ந்தெடுக்கிற வசதி எல்லாருக்கும் இல்ல, தோழரே.

உடுப்பு நமக்கு எப்போதுமே சண்டைதான். 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம், தீண்டப்படாதவள் என்று காட்டிக்கொடுக்கிற சேலைக்கட்டை விட்டொழியுங்கள் என்றார் அம்பேத்கர். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்துச் சாதி இந்துக்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை கூடாது. ஆம்பளைக்கு முழங்காலுக்குக் கீழே துணி கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பொம்பளை மேலுடம்பை மூடக் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 2012இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 82 வருஷத்தில் பனியன் ஜீன்ஸாச்சு. எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கு.

அதனால நல்ல சட்டைக்கு ஆசைப்படுறியா, படு. ஆனா தம்பி, உன்கிட்டயும் எனக்கு ஒரு சண்டை இருக்கு.

நீ தேடினது சட்டையையா, நெஞ்சில் குத்தியிருக்கிற முத்திரையையா? அந்த 4,000த்தில் துணிக்கும் தையலுக்கும் போறது கொஞ்சம். மிச்சம் விளம்பரம், கடை வாடகை, லாபம், பேர். உள்ளே என்ன இருக்கு என்று பார்க்காமல் மேலே கிடக்கிற அடையாளத்தை வைத்து ஆளை அளக்கிற வேலையை ஏற்கனவே ஒருத்தன் செய்துகொண்டுதான் இருக்கிறான். அவன் தோளில் கிடக்கிறது பூணூல். ஃபர்ஸ்ட் காப்பி போடுறவன் அந்த அளவுகோலை உடைக்கல. பொய்ப் பூணூல் போட்டுக்கிட்டு, எவன் கண்டுபிடிப்பானோ என்று பயந்து நடக்கிறான். நாம எதுக்குடா பயந்து நடக்கணும்?

மாற்று இருக்கு. திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய்ப் பார். வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து மிஞ்சின சரக்கு, லேபிளை வெட்டி, குவியல் குவியலாக் கிடக்கும். ஆப்பில் வாங்கினாலும் பிராண்டுப் பேரைப் போட்டுத் தேடாதே. பருத்தி எத்தனை சதவீதம், ஜி.எஸ்.எம். எவ்வளவு, பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பலாமா, இதைப் பார். 180 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். கைக்கு வந்ததும் உள்பக்கம் திருப்பு. தோள்பட்டைத் தையல் நேரா இருக்கா, நூல் பிரியுதா பார். துணியைப் படிக்கத் தெரிந்தவனை லேபிள் ஏமாத்தாது.

ஆனா மலிவா வாங்கினதோடு கணக்கு முடிஞ்சிடல. அந்த மலிவு எங்கிருந்து வந்தது? சுமங்கலித் திட்டம் என்று தாலிக்கு ஆசை காட்டி, கல்யாணச் செலவுக்கு மொத்தமா 30,000, 50,000 தருவதாச் சொல்லி, மூணு வருஷம் மில் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கினார்களே, அதில் சிக்கினவர்களில் நிறையப் பேர் நம்ம பிள்ளைகள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஏற்றுமதி ஆலையில் தைத்துக்கொண்டிருந்த தலித் பெண் கொல்லப்பட்டாள். கைதானவன் அவளுடைய மேற்பார்வையாளன். பெரிய பெரிய வெளிநாட்டுப் பேருக்குத்தான் அந்த ஆலை தைத்தது. விலை கூடின சட்டை யோக்கியமான சட்டை என்று எவனாவது சொன்னா நம்பாதே. 4,000 ரூபாய்ச் சட்டையிலும் அவளுக்கு நியாயமான கூலி இல்ல, 400 ரூபாய்ச் சட்டையிலும் இல்ல.

அதை மாத்தினது வாங்குறவனோட நல்ல மனசு இல்ல, சங்கம். பெண்கள் தலைமை தாங்கும், பெரும்பாலும் தலித் பெண்களே உறுப்பினர்களா இருக்கிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்ட் எம்மும் கையெழுத்துப் போட்டன. கேப், பி.வி.எச். கம்பெனிகளும் பிறகு சேர்ந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதுக்குப் பேர். பாலியல் கொடுமையோடு சாதிக் கொடுமையையும் சேர்த்தே அது தடுத்தது. தையல் தளத்தில் சங்கத்துப் பெண்களே கண்காணித்தார்கள். ஆலை மீறினால் ஆர்டரில் அடி விழும் என்று இருந்தது. தைக்கிற கை ஒண்ணு சேர்ந்தபோதுதான் பிராண்டு இறங்கி வந்தது.

மாணவத் தோழர்களே, விடுதியில் ராத்திரி முழுக்க ஆஃபர் தேடுற நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதுக்கு ஒதுக்குங்க. உங்க ஊரிலிருந்து எத்தனை பெண்கள் மில்லுக்குப் போயிருக்கிறார்கள், என்ன கூலி, சங்கம் இருக்கா, கேட்டு எழுதுங்க.

அக்கா மகனுக்கு 350 ரூபாயில் பேரில்லாத சட்டை ஒண்ணு எடுத்துக் கொடுத்தேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தான். "தையல் நல்லாருக்கு மாமா."

தைச்சவ யாருன்னு கேளுடா.