பக்கத்துக் கடை விளம்பரத்தைப் பார்க்கலாம்; அப்படியே எடுக்கலாமா?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் கைப்பேசிகளில் விளக்கு ஏறிவிடுகிறது. முகநூலைத் திறந்தால் பட்டுச்சேலை, அடுத்து முறுக்கு, அடுத்து ஜிப்பா, மீண்டும் பட்டுச்சேலை. சற்று நிதானித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். கடைகள்தான் வேறு வேறு, விளம்பரம் ஒன்றேதான். அதே பொன்னிற ஒளி, அதே குத்துவிளக்கு, அதே புன்னகை மாறாத பெண், பாரம்பரியம், பெருமை, மகிழ்ச்சி என்று அடுக்கிய அதே வாசகம். பெயரை மறைத்துவிட்டால் கிள்ளான் கடையா, ஈப்போ கடையா என்று கடைக்காரராலேயே சொல்ல முடியாது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. எல்லாரும் செயற்கை நுண்ணறிவிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "தீபாவளிக்கு நல்ல விளம்பரம் எழுதிக் கொடு." கேள்வி ஒன்றானால் பதிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். போதாக்குறைக்கு, நன்றாக ஓடும் போட்டியாளரின் விளம்பரத்தைப் படம் பிடித்து, "இதைப்போலவே எனக்கும்" என்று கேட்பதும் பழக்கமாகிவிட்டது.

இது ரசனை பற்றிய பேச்சு மட்டுமல்ல, காசு பற்றியது. நாளுக்கு 10 வெள்ளி என்று விளம்பரம் போட்டால் மாதம் 300 வெள்ளி. அதற்கு மேல் டிஜிட்டல் சேவைகளுக்கான சேவை வரி. 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கிய அந்த வரி, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. ஆக மொத்தம் 324 வெள்ளி. பெரிய கடைக்கு இது தேநீர்ச் செலவு. தோட்டக் குடியிருப்பில் முறுக்கு சுட்டு விற்பவருக்கு அது மாவும் எண்ணெயும் வாங்க வேண்டிய முதல்.

அப்படி ஓர் அக்காவைப் பேராக்கில் எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு, விளம்பரம் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 600 வெள்ளி கொடுத்தார். விருப்பக்குறிகள் குவிந்தன. ஆர்டர் வந்தது எப்போதும் வாங்கும் வீடுகளிலிருந்துதான். விருப்பக்குறியை வங்கியில் போட முடியுமா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

போட்டியாளர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதில் தவறே இல்லை. பசார் மாலாமில் கடை விரிப்பவர், எதிர்க்கடையில் என்ன விலை என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தானே வருகிறார்? இணையத்தில் அந்த நடைக்கு மெட்டா நிறுவனமே வழி வைத்திருக்கிறது. 'ஆட் லைப்ரரி' எனும் விளம்பர நூலகம் அது. முகநூல் கணக்குகூடத் தேவையில்லை. நாடு மலேசியா என்று தேர்ந்தெடுத்து, ஒரு கடையின் பெயரையோ 'முறுக்கு', 'சேலை' போன்ற சொல்லையோ தட்டினால், முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் வரிசையாக வரும். கூகளும் இதுபோன்ற ஒரு பக்கத்தை 2023இல் திறந்தது.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல, தேதியை. ஒவ்வொரு விளம்பரத்திலும் அது தொடங்கிய நாள் இருக்கும். மூன்று நாளில் மறைந்த விளம்பரத்திலிருந்து கற்க ஒன்றுமில்லை. இரண்டு மாதமாக ஒருவர் பணம் கட்டி ஓட்டுகிறார் என்றால், அதனால் அவருக்கு ஏதோ வருகிறது என்று கருதலாம். ஒரே விளம்பரத்தைப் பல வடிவங்களில் விட்டிருந்தால், எது எடுபடுகிறது என்று அவர் சோதித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் எவ்வளவு செலவழித்தார், எத்தனை விற்றார் என்பது நமக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கட்டாயப்படுத்துவதால், விளம்பரம் எத்தனை பேரைச் சென்றடைந்தது போன்ற கூடுதல் விவரங்களும் அங்கே தெரிகின்றன. சாதாரண வணிக விளம்பரங்களுக்கு நமக்கு அந்த வசதி இல்லை. எனவே நீண்ட நாள் ஓடுவது ஒரு குறிப்பு மட்டுமே. மறந்துபோய் நிறுத்தாமல் விட்டவர்களும் உண்டு.

செயற்கை நுண்ணறிவு உண்மையில் கைகொடுக்கும் இடம் இதற்கு அடுத்த படி. "எழுதிக் கொடு" என்பதை விட்டுவிட்டு "படித்துச் சொல்" என்று கேட்க வேண்டும். இருபது போட்டி விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் வரி என்ன, விலை இருக்கிறதா, எந்த மொழி, எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள், எப்போது தொடங்கியது என்று பட்டியலிடலாம். அதை சாட்ஜிபிடி போன்ற ஒன்றிடம் கொடுத்து, இவர்கள் எல்லாரும் சொல்வது என்ன, யாருமே சொல்லாதது என்ன என்று கேட்கலாம். கூடவே, புலனத்தில் வாடிக்கையாளர்கள் நம்மிடம் கேட்ட கேள்விகளையும் சேர்க்கலாம். பெயரும் தொலைபேசி எண்ணும் நீக்கிய பிறகுதான். வாடிக்கையாளர் விவரங்களைக் கண்ட இடத்தில் கொட்டுவது முறையல்ல. யாரும் சொல்லாததும், வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்பதும் எங்கே சந்திக்கின்றனவோ, அங்கேதான் நமக்கான விளம்பரம் இருக்கிறது.

அக்காவின் மகள் இதைச் செய்து பார்த்தாள். மற்ற முறுக்கு விளம்பரங்கள் எல்லாம் 'பாட்டி கைப்பக்குவம்' என்றன. என்ன எண்ணெய், எத்தனை நாள் கெடாது, சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பினால் நொறுங்காமல் போகுமா, கடைசியாக எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. புலனத்தில் அக்காவிடம் வந்த கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

போட்டியாளரைக் கண்மூடிப் பின்பற்றினால் அவருடைய தவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்வோம். நம்மவர் விளம்பரங்களில் பாதிக்கு மேல் விலையே போடாமல் 'பி.எம். செய்யவும்' என்று முடிவதுபோல் எனக்குத் தோன்றுகிறது. விலை கேட்டு எழுதவைத்தால் பேச்சு வளரும், வியாபாரம் படியும் என்பது கணக்கு. ஆனால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள மின்வணிக விதிமுறைகள், இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, முழு விலை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. விலையை மறைப்பது குற்றம் என்று உள்நாட்டு வாணிப அமைச்சு பலமுறை நினைவூட்டியிருக்கிறது. இருபது கடைகள் செய்வதால் இருபத்தொன்றாவது கடைக்கு அது சரியாகிவிடாது. செயற்கை நுண்ணறிவுக்கு இது தெரியாது. 'இதைப்போலவே' என்று கேட்டால் 'பி.எம். செய்யவும்' என்பதையும் அழகாக எழுதிக் கொடுத்துவிடும்.

மூலிகை எண்ணெய், கஷாயப் பொடி விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. நீரிழிவு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய அது தடை விதிக்கிறது. வேறொரு நாட்டு விளம்பரத்தைப் பார்த்து எந்திரம் எழுதித் தரும் ஒரு வாக்கியம், நம் கடையின் பெயரில்தான் வெளிவருகிறது.

இனி மொழி. விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்பதை முன்பு நாமே நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. 2022 சனவரியில் இனம், மதப் பழக்கவழக்கம் முதலியவற்றைச் சார்ந்த தேர்வுகளை மெட்டா நீக்கியது. அதன் பிறகு 'அட்வான்டேஜ் பிளஸ்' என்ற பெயரில், யாருக்குக் காட்டுவது என்பதைத் தன் எந்திரமே முடிவு செய்யும் முறையை முன்னிறுத்தி வருகிறது. எந்திரம் எதை வைத்து முடிவு செய்கிறது? விளம்பரத்தை யார் நின்று பார்க்கிறார்கள், யார் தட்டுகிறார்கள் என்பதும் அதில் அடக்கம். ஆகவே நாம் எழுதும் மொழியே சல்லடை ஆகிவிட்டது. தமிழ் எழுத்தில் போட்டால் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் நின்று படிப்பார். தேசியப் பள்ளியில் படித்த இளையவர்கள் பலர் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கமாட்டார்கள். அவர்களுக்குக் காணொலியில் பேச்சுத் தமிழ் வேண்டும். மலாய், சீன நண்பர்களும் முறுக்கு வாங்குகிறார்கள். அவர்களுக்கு மலாயில் தனி விளம்பரம். ஒரே விளம்பரத்தில் மூன்றையும் திணித்தால் யாரும் நிற்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு எழுதும் தமிழோ பெரும்பாலும் சென்னை வாடையோடு, இல்லையென்றால் பாடநூல் போல வருகிறது. வெள்ளி என்று நாம் சொல்வதை ரூபாய் என்று எழுதாமல் விட்டாலே பெரிது. படத்துக்குள் தமிழ் எழுத்தைப் பொறிக்கச் சொன்னால் கொம்பும் காலும் இடம் மாறி, 'தீபாவளி' என்னவோ ஆகிவிடுகிறது. நம் வீட்டுப் பேச்சில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துத் திருத்தாமல் வெளியிடக் கூடாது.

படம் அதைவிடச் சிக்கல். எந்திரம் வரைந்த பெண் கட்டியிருக்கும் சேலையின் கரை, கடையில் இருக்கும் சேலையில் இருக்காது. பொருளைப் பற்றித் தவறான வருணனை தருவது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம். விளம்பரம் போடும்போது பின்னணியை மாற்றுவது, இசை சேர்ப்பது போன்ற 'மேம்பாடுகள்' தாமாகவே இயங்கும் நிலையில் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததை அணைத்துவிட வேண்டும்.

இன்னொரு கோணமும் உண்டு. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. மெட்டாவின் 2024 வருவாயில் சுமார் 10 விழுக்காடு மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களே கணித்திருந்தன என்றது அச்செய்தி. அது தோராயமான, அளவுக்கு மீறிய கணிப்பு என்று மெட்டா மறுத்தது. கணக்கு எதுவானாலும், நம் வீட்டுப் பெரியவர்கள் இணைய மோசடியில் பணம் இழந்த கதைகளைக் கேட்டுக் கேட்டு, பளபளப்பான விளம்பரத்தைக் கண்டாலே பயப்படுகிறார்கள். நேர்மையான கடையின் விளம்பரமும் எந்திரப் பளபளப்போடு வந்தால், அதே சந்தேகம் அதன் மீதும் விழும். கொஞ்சம் ஆடும் கைப்பேசிக் காணொலியில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று ஊர்ப் பெயர் சொல்லிப் பேசும் முகத்தை நம்புவது அவர்களுக்கு எளிது. அதைப் போட்டியாளரும் நகலெடுக்க முடியாது.

செலவைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைபெற, வாரத்துக்கு ஏறக்குறைய 50 பலன்கள் தேவை என்கிறது மெட்டா. வாரம் 70 வெள்ளியில் 50 ஆர்டர் வேண்டுமென்றால் ஓர் ஆர்டருக்கு 1 வெள்ளி 40 காசுதான் செலவாக வேண்டும். நடக்கிற காரியமல்ல. சிறு வணிகர்கள் புலனத்தில் பேச்சு தொடங்குவதைப் பலனாக வைப்பதும், ஐந்து விளம்பரத்துக்குப் பதில் இரண்டை மட்டும் ஓட்டுவதும், நாள்தோறும் கைவைத்து மாற்றாமல் ஒரு வாரம் விடுவதும் மேல். இரண்டுக்கும் ஒரே ஒரு வேறுபாடு இருந்தால் போதும். எந்த விளம்பரம் பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால், அந்த நோட்டு எந்தச் செயலியையும்விட நம்பகமானது.

அக்கா இந்த ஆண்டு தானே பேசுகிறார். விலை முதல் வரியிலேயே இருக்கிறது. எண்ணெய் டின்னைக் கையில் எடுத்துக் காட்டுகிறார். கடைசி ஆர்டர் தேதியை இரண்டு முறை சொல்கிறார். நடுவில் பேரப்பிள்ளை ஓடுவதை மகள் வெட்டலாமா என்று கேட்டாளாம், இருக்கட்டும் என்றிருக்கிறார்.

தீபாவளி முடிந்த மறுநாள் பெரும்பாலான பண்டிகை விளம்பரங்கள் நிறுத்தப்படும். நிறுத்தியதும் அவை விளம்பர நூலகத்திலிருந்தும் மறைந்துவிடும். அடுத்த ஆண்டுக்கு வேண்டியதை இப்போதே படம் பிடித்து, தேதியோடு சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.