தீராத வாயு தீர்வதேன்?

மலைசூழ்ந்த மடவளையிலும் இன்று மாடிவீடுகளிற் குளிரூட்டிகள் இயங்குகின்றன. அவற்றைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஆண்டுதோறும் வாயு நிரப்பியேயாகவேண்டும் என்னும் மூடநம்பிக்கையே எமது கண்டனத்திற்குரியது.

குளிரூட்டியின் வாயு எரிபொருளன்று. மூடிய குழாய்களுள் அது ஆவியாகி அறையின் வெப்பத்தைக் கவர்கிறது. அமுக்கப்பட்டு, வெளியே திரவமாகி, அவ்வெப்பத்தைக் கக்குகிறது. இச்சுழற்சியில் அது தேய்வதில்லை. குறைந்ததெனின் எங்கோ கசிந்தது என்பதே பொருள். கசிவை அடைக்காது நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாம்.

குடத்து நீராவது மண்ணை நனைக்கும்; இவ்வாயுவோ வானைச் சுடும். பழைய இயந்திரங்களிலுள்ள ஆர்-22, நூறாண்டுக் கணக்கில், அதே நிறையுடைய காபனீரொட்சைட்டினும் ஏறத்தாழ 1,800 மடங்கு வெப்பமூட்டுவது. ஓசோன் படையையும் அரிப்பது. புதியவற்றிலுள்ள ஆர்-32 ஓசோனை அரிக்காதாயினும், ஏறத்தாழ 675 மடங்கு வெப்பமூட்டும்.

வாயு கசிந்த இயந்திரம் குளிர் தராது. உடனே வீட்டார் 16 பாகைக்கு இறக்குவர். இயந்திரமோ ஓய்வின்றி உழன்று மின்கட்டணத்தையே பெருக்கும். இரவு வெளிக்காற்றே 20 பாகையளவிற்கு இறங்கும் எம்மூரில் 16 பாகை எதற்கு? அறைக் குளிரூட்டிகள் 24 பாகையிலேயே தொடங்கவேண்டுமென இந்தியா 2020 முதல் விதித்துள்ளது.

1987இன் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் இணைந்தது. அதன் கிகாலித் திருத்தத்தை 2018இல் ஏற்றது. நாடு தந்த வாக்கு நம் வீட்டுச் சுவரிற் கசிந்து போகலாமா? வாயு நிரப்ப வருபவரிடம் வீட்டார் விலை கேட்குமுன் ஓட்டை எங்கே எனக் கேட்கட்டும். அதனைக் காட்டாதவர் கையில் வாயுக்கலனைத் திறக்கவிடுதல் தகாது.