சாய்ந்த வண்டியை உடனே உதைக்க வேண்டாம்

உத்தமர்சீலியிலிருந்து வாழை விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார். வாய்க்கால் கரையில் மோட்டார் சைக்கிளுக்குச் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின்னால் இரண்டு பூவன் தார்களைக் கட்டினாராம். மூன்றாவது தாரை எடுக்கத் திரும்பிய நேரத்தில் வண்டி இடப்பக்கமாகச் சரிந்து விழுந்துவிட்டது. காந்தி மார்க்கெட்டுக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில், தூக்கி நிறுத்திய கையோடு கிக்கரை உதைத்திருக்கிறார். கிக்கர் பாதியிலேயே நின்றுவிட்டது. ஓங்கி மிதித்தும் இறங்கவில்லை. வெகுநேரம் போராடிக் கிளப்பியபோது சைலன்சரிலிருந்து புகை மண்டியது. கிளட்ச் லீவர் வளைந்திருக்கிறது, ஹேண்டில் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. இன்ஜின் கெட்டுவிட்டதா, என்ன செய்யலாம் என்று கேட்கிறார். மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதை விவசாயப் பத்திரிகையில் கேட்கலாமா என்று கடைசி வரியில் ஒரு தயக்கம் வேறு.

தயங்க வேண்டியதில்லை. இன்றைக்குத் திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்து விவசாயியிடம் டிராக்டர் இருக்கிறதோ இல்லையோ, ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். அல்லது ஸ்பிளெண்டர் இருக்கும். இலைக்கட்டு, பூ மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு, யூரியா மூட்டை, மருந்து தெளிப்பான் எல்லாம் அதில்தான் போய் வருகின்றன. பழைய நாளில் மாட்டுக்கு லாடம் தேய்ந்ததா என்று பார்த்ததைப் போல வண்டியையும் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவருடைய இன்ஜின் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் கிக்கர் நின்ற இடத்தில் ஓங்கி மிதித்ததுதான் தவறு. வண்டி படுத்துக் கிடக்கும்போது கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் வழிந்து, கொஞ்சம் வெளியேயும் கொஞ்சம் இன்ஜினுக்குள்ளும் போகும். அடியில் இருக்க வேண்டிய இன்ஜின் ஆயிலும் இடம் மாறி, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக எரியும் அறைக்குள்ளும், காற்றுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள்ளும் கசியலாம். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக் கொடுக்கும். பெட்ரோலும் ஆயிலும் சுருங்காது. அதனால்தான் பிஸ்டன் மேலே வரமுடியாமல் கிக்கர் நின்றது. அந்த நிலையில் பலம் காட்டினால் கனெக்டிங் ராட் வளைய இடமுண்டு. செல்ஃப் பட்டனை அழுத்துவது அதைவிட மோசம். காலுக்குத் தெரிகிற எதிர்ப்பு மோட்டாருக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது வேறு. விழுந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும். படுத்த நிலையில் ஓடும் இன்ஜினுக்கு ஆயில் சரியாகப் போகாது. பெட்ரோல் டேப் உள்ள வண்டியில் அதை மூட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. சைலன்சர் சூடாக இருக்கும் என்பதைப் பதற்றத்தில் பலரும் மறந்துவிடுகிறார்கள். கெண்டைக்காலில் வட்டமாகச் சூடு பட்ட தழும்பு உள்ளவர்கள் எந்த ஊரிலும் நாலு பேர் கிடைப்பார்கள்.

தூக்குவதற்கு முன் சுமையை அவிழ்த்துவிட வேண்டும். ஸ்பிளெண்டர் மட்டுமே சுமார் 110 கிலோ. இரண்டு தாரோடு சேர்த்துத் தூக்கினால் வண்டி எழுகிறதோ இல்லையோ, இடுப்பு பிடித்துக்கொள்ளும். வண்டி உருளாமல் இருக்கக் கியரில் போட்டு, குனிந்து இழுக்காமல், சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்துக் கால் பலத்தில் எழ வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குமுன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் வண்டி மறுபக்கம் போய் விழும்.

நிறுத்திய பிறகு சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விட வேண்டும். மார்க்கெட் அவசரத்தில் இது பெரிய நேரமாகத் தோன்றும். ஆனால் ஆயில் தன் இடத்துக்கு இறங்க அவ்வளவு நேரமாவது வேண்டும். அதற்குள் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கலாம். அளவு குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். ஆயில் தண்ணீராக இளகி, பெட்ரோல் வாசனை அடித்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் கலந்த ஆயிலுக்கு வழவழப்பு இருக்காது. வடித்த ஆயிலை வாய்க்காலில் விடாமல் ஒரு கேனில் பிடித்து மெக்கானிக் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

கால் மணி கழித்தும் கிக்கர் இறங்கவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். சாவி அணைந்திருக்கட்டும். பிளக் ஓட்டையின் மேல் பழந்துணியை மூடி, கிக்கரை ஐந்தாறு முறை மெதுவாக அமுக்கினால் உள்ளே நின்ற பெட்ரோலும் ஆயிலும் துணியில் வந்து விழும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, முதலில் கையாலேயே மரையைப் பிடிக்கவைத்து, பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும். இன்ஜின் தலை அலுமினியம். மரை கோணலாக ஏறினால் செலவு பத்து மடங்காகும். அதன் பிறகு சோக் போடாமல், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து உதைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். சில நிமிடம் புகை வரும். உள்ளே போன ஆயில் எரிகிற புகை அது. நின்றுவிட்டால் கவலை இல்லை. இரண்டு மூன்று நாள் ஆகியும் புகை நிற்கவில்லை என்றால் ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காகித ஃபில்டர் என்றால் மாற்றுவதுதான் வழி. அது சுத்தமாக இருந்தும் புகை தொடர்ந்தால் மெக்கானிக் கையில் கொடுக்க வேண்டியதுதான்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 வண்டிகள் பலவற்றில் கார்புரேட்டர் கிடையாது. சாய்ந்தால் இன்ஜினைத் தானே நிறுத்தும் சென்சார் அவற்றில் பலவற்றில் உண்டு. தூக்கி நிறுத்திய பிறகும் கிளம்பவில்லை என்றால், சாவியை அணைத்து மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் வண்டியை டாடா ஏஸில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு.

இன்ஜினைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது லீவருக்கும் பிரேக்குக்கும். உத்தமர்சீலிக்காரர் வளைந்த கிளட்ச் லீவரைச் சுத்தியால் தட்டி நிமிர்த்திக்கொண்டதாக எழுதியிருக்கிறார். அதை இன்றே மாற்றிவிட வேண்டும். லீவர் அலுமினியக் கலவையில் வார்த்தது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஒரு நாள் சொல்லாமல் முறியும். புது லீவர் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. எக்ஸ்.எல். வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த வண்டியில் இடக்கை லீவர் கிளட்ச் அல்ல, பின் பிரேக். தார் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தில் கூட்டத்துக்கு நடுவே போகும்போது அது கையோடு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லீவர் பிடிப்பைக் கம்பியோடு இறுக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்காமல் விடுவதும் ஒரு உத்தி. விழும்போது பிடிப்பு சற்றுச் சுழன்று கொடுக்கும், லீவர் தப்பிக்கும்.

இடப்பக்கம் விழுந்தால் கியர் லீவரும் உள்ளே வளையும். வண்டியில் இருக்கும்போதே அதை அடித்து நிமிர்த்தக் கூடாது. அடி நேராகக் கியர் ஷாஃப்ட்டுக்குப் போய், அங்கே ஆயில் சீல் கசியத் தொடங்கும். கழற்றி எடுத்து நிமிர்த்த வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் பிரேக் பெடல். டிரம் பிரேக்கில் பெடலை அமுக்கினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை சும்மா இறங்கி, அதன் பிறகு பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியே இல்லை என்றால் பிரேக் உரசிக்கொண்டே ஓடும், டிரம் சூடேறும்.

ஹேண்டில் கோணியதற்குப் பெரும்பாலும் கம்பி வளைந்தது காரணமாக இருக்காது. முன் ஃபோர்க் தன் பிடிப்புக்குள் சற்றுத் திரும்பியிருக்கும். முன்னால் நின்று சக்கரத்தையும் ஹேண்டிலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பிடிப்புகளைத் தளர்த்தி நேராக்கி இறுக்குவது மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. போல்ட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு இறுக்கத்தில் முடுக்குவது என்று தெரியாதவர்கள் இதில் கை வைக்காமல் இருப்பது நல்லது. ஒன்றை மட்டும் வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும். ஆக்சிலேட்டரைத் தொடாமலே சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ சிக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகும் முதல் ஓட்டம் சுமை இல்லாமல், மெதுவாக, இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பார்த்து.

மருந்து பாட்டிலோடு விழுந்த வண்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். பூச்சிமருந்து கொட்டிய இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது வாய்க்காலுக்கே போய்ச் சேரும். உலர்ந்த மண்ணையோ மணலையோ போட்டு உறிஞ்சவைத்து, கையுறையோடு அள்ள வேண்டும். மருந்து பட்ட இலைக்கட்டையோ புல்லையோ ‘கழுவினால் போச்சு’ என்று விற்பதும் மாட்டுக்குப் போடுவதும் கூடவே கூடாது. மருந்தையும் விளைபொருளையும் ஒரே நடையில் ஏற்றாமல் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, வண்டி ஏன் விழுந்தது? ஸ்ரீரங்கம் தீவு முழுவதும் காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து சேர்த்த வண்டல். வாழைக்கு வரம், சைடு ஸ்டாண்டுக்கு வினை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரை மேலே காய்ந்து, உள்ளே ஊறியிருக்கும். காலால் மிதித்தால் கெட்டியாகத் தெரியும். ஸ்டாண்டின் நுனியோ பெரிய நாணயம் அளவுதான். ஒவ்வொரு தாராக ஏற்ற ஏற்ற அது இறங்கிக்கொண்டே போகும். விரைவாக இறங்கினால் கவனிப்போம். மெதுவாக இறங்குவதால்தான் முதுகைத் திருப்பும்போது விழுகிறது. ஸ்டாண்டின் அடியில் வைக்க ஒரு தட்டைக் கல்லோ உள்ளங்கை அகலப் பலகையோ வண்டியிலேயே இருக்கட்டும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஸ்டாண்டு நுனியில் நாலு அங்குலத் தகடு ஒன்றைப் பற்றவைத்துத் தருவார்கள். தகடு சாலையில் உரசாதபடி உயரம் பார்த்து வைக்கச் சொல்ல வேண்டும். சுமை ஏற்றுவது எப்போதும் சென்டர் ஸ்டாண்டில்.

பால்காரர்களுக்கும் இதே கதைதான். இருபுறமும் 20 லிட்டர் கேன் தொங்கும்போது வண்டி நிதானமாக நிற்கும். ஒன்றை இறக்கியவுடன் மறுபக்கம் 20 கிலோவுக்கு மேல் இழுக்கும். இறக்கும்போது இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது சுவரோரம் நிறுத்த வேண்டும்.

ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட் போன்ற நெருக்கடியான இடங்களில் வரிசையாக நிறுத்திய வண்டிகளில் ஒன்று சாய்ந்தால் பத்தும் சாயும். அப்போது மேலே கிடப்பதிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அடியில் கிடக்கும் தன் வண்டியை முதலில் உருவுகிறவர்தான் அடுத்தவர் லீவரையும் இண்டிகேட்டரையும் உடைக்கிறார். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா என்றும் உத்தமர்சீலி வாசகர் கேட்டிருக்கிறார். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் கிடைக்காது. அது அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு. சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால் கேட்கலாம். ஆனால் கேட்டால் அடுத்த ஆண்டு பிரீமியத்தில் கிடைக்க வேண்டிய நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் ஆண்டுக்கே அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம். ஒரு லீவர், ஒரு லிட்டர் ஆயில், ஃபோர்க் நேராக்கும் கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து, எது அதிகம் என்று கணக்குப் போட்ட பிறகு கம்பெனிக்குப் போன் செய்யலாம்.