பகிரங்கக் கண்டனமா, தனியே உரையாடலா?

சமூக நீதிக்காகப் போராடும் இயக்கங்களுக்குள், சக ஆர்வலர் ஒருவர் தவறிழைத்தால் அவரை இணையத்தில் பகிரங்கமாகக் கண்டிப்பதா அல்லது தனியே அழைத்துப் பேசுவதா என்கிற விவாதம் அமெரிக்காவில் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது.

சமூக வலைத்தளங்களில் பிறரைக் கண்டிப்பது மட்டுமே மாற்றத்தைக் கொண்டுவந்துவிடாது என்று முன்னாள் அதிபர் பராக் ஒபாமா 2019 அக்டோபரில் சிகாகோவில் கூறினார். அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, கறுப்பினப் பெண்ணியவாதியான லொரெட்டா ராஸ் இதே கருத்தை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் முன்வைத்திருந்தார்.

ராஸின் வாதத்துக்கு அவரது அனுபவம் வலுச்சேர்க்கிறது. பாலியல் வல்லுறவுக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் வாஷிங்டன் மையத்தை நடத்தியவர் அவர். பின்னர், வெள்ளை இனவெறிக் குழுக்களிலிருந்து விலகியவர்களுடனும் பணியாற்றினார். அத்தகையோருடனேயே பேச முடியுமென்றால், ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்திய தோழருடன் ஏன் பேச முடியாது என்ற கேள்வி இங்கு இயல்பாகவே எழுகிறது.

இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்ததல்ல. பெண்ணிய இயக்கத்துக்குள் சகோதரிகளே ஒருவரையொருவர் சிதைப்பதைப் பற்றி ஜோ ஃப்ரீமன் 1976-ல் மிஸ் சஞ்சிகையில் எழுதியபோது, வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. கருத்தை மறுப்பதற்குப் பதிலாக ஆளையே மதிப்பிழக்கச் செய்வதுதான் அதன் இயல்பு என்று அவர் விளக்கினார். அன்று ஒரு கூட்ட அறைக்குள் நடந்தது, இன்று ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது.

எனினும், தனிப்பட்ட உரையாடலே எப்போதும் சிறந்தது என்று கூறிவிட முடியாது. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் குற்றச்சாட்டுகள் 2017 அக்டோபரில் வெளியாகும் முன்பு, குறைந்தது எட்டுப் பெண்களுடன் அவர் தரப்பு இரகசிய உடன்பாடு கண்டிருந்ததாகச் செய்திகள் தெரிவித்தன. அங்கே இரகசியம் காப்பாற்றியது பலசாலியைத்தான். பகிரங்கமாகப் பேசியதே பிற பெண்களுக்கும் துணிவைத் தந்தது.

எட்ட முடியாத அதிகாரத்தில் இருப்பவர்களையும், வேண்டுமென்றே பிறரைப் புண்படுத்துபவர்களையும் பகிரங்கமாகக் கண்டிப்பது நியாயமே என்பதை ராஸும் ஏற்கிறார்.

ஆகவே, இரண்டில் எது உயர்ந்த நெறி என்பதைக் காட்டிலும், தவறிழைத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இடையே அதிகாரம் எப்படிப் பகிர்ந்திருக்கிறது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. சமமானவர்களிடையே தனியே பேசுவது தோழமையைக் காக்கும். சமமற்றவர்களிடையே அதையே வலியுறுத்துவது, பாதிக்கப்பட்டவரை மீண்டும் மௌனமாக்கிவிடக்கூடும்.

அறியாமல் செய்த பிழையையும் திட்டமிட்டுச் செய்த கொடுமையையும் ஒரே தண்டனையால் அளக்கும் இயக்கம், நாளடைவில் தன் எதிரிகளை அல்ல, தன் உறுப்பினர்களையே இழக்க நேரிடும்.