படிக்கிற மகளை நிறுத்தலாமா?



சென்ற மாதம் ஒரு குடும்ப விஷயமாக எல்கடுவைக்குப் போயிருந்தேன். வத்தேகமையில் பஸ் ஏறினால் வளைவுகளில் ஏறி ஏறி, தேயிலைத் தோட்டங்களுக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே போய்ச் சேர வேண்டிய ஊர். மழைக்காலத்தில் அஸர் தொழுது முடிவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். அங்கே எனக்குத் தங்கை முறையான ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய மூத்த மகள் கல்வியியலில் பட்டப்படிப்புப் படிக்கிறாள். தூரக்கல்வி முறையில் இது இரண்டாவது வருடம். கிழமை நாட்களில் வீட்டில் படிப்பு. சில சனி, ஞாயிறுகளில் கண்டிப் பக்கம் வகுப்புக்குப் போய் வருகிறாள்.

போய் உட்கார்ந்ததுமே தங்கை குமுறத் தொடங்கினாள்.

"ராத்தா, நல்ல எடத்திலிருந்து ஒரு பேச்சு வந்திருக்கு. மாப்பிள்ளை கடை வச்சிருக்கார். ஆனா படிப்ப நிறுத்தணும் என்டு சொல்றாங்க. இவளோ முடியாது என்டு அழுறா. நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

புத்தி யாருக்குச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. ப்ளேன்டீயை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அந்த நேரத்தில் வீட்டின் கடைக்குட்டி கொப்பியோடு வந்தான். ஆறு வயது, தரம் ஒன்று. கூட்டல் கணக்கு எல்லாம் பிழை. "இவனுக்கு மண்டையில ஒண்டும் ஏறாது" என்று தங்கை கையை ஓங்கினாள். மூத்தவள் குறுக்கே வந்து தடுத்தாள். "உம்மா, கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கு ஒன்று காட்டுறேன்" என்றவள், ஒரே அளவான இரண்டு கிளாஸ்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றினாள். "ரெண்டும் சமமா?" என்று தம்பியிடம் கேட்டாள். சமம் என்றான். அவன் கண் முன்னாலேயே ஒரு கிளாஸ் தண்ணீரை ஒடுக்கமான உயரப் போத்தலொன்றில் ஊற்றினாள். "இப்ப எதில கூட?" பையன் யோசிக்கவே இல்லை. "போத்தல்ல!"

அடுத்து ஐந்து புளியங்கொட்டைகளை நெருக்கமாகவும், இன்னும் ஐந்தை எட்ட எட்டவும் இரண்டு வரிசையாக அடுக்கினாள். நீளமான வரிசையில்தான் கூட என்றான் அவன்.

தங்கை வாயடைத்துப் போனாள். "இவன் மொக்கன் இல்ல உம்மா. இந்த வயசுப் பிள்ளைகள் அனேகம் பேர் இப்படித்தான் சொல்வாங்க. ஏழு வயசளவில தானாகவே தெளிவு வரும். அது வரைக்கும் கொட்டைகளைக் கையில குடுத்து, தொட்டு எண்ண விடணும். அடிச்சா கணக்கு வராது, பயந்தான் வரும்" என்றாள் மகள்.

சகோதரிகளே, இது அவள் சொந்தமாகக் கண்டுபிடித்ததல்ல. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே (1896–1980) என்ற அறிஞர் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டு அறிந்த உண்மை இது. அதே 1896 இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த வைகொட்ஸ்கி இன்னொன்றைச் சொன்னார். பிள்ளை தனியே செய்ய முடியாததை, பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து கைகொடுத்தால் செய்யும். இன்று துணையோடு செய்ததை நாளை தனியே செய்யும். ரொட்டி மாவைத் தட்டப் பழக்கும்போது முதலில் மகளின் கையைப் பிடித்துத் தட்டி, பிறகு நம் கையை எடுத்து விடுகிறோமே, அதுதான் இது. உம்மம்மாமார் செய்து வந்ததன் காரண காரியத்தைக் கல்வியியல் விளக்குகிறது. அத்தோடு பாடம் அமைப்பது, பரீட்சை வைப்பது, வறுமையால் பிள்ளை எப்படிப் பின்தங்குகிறது என்பதையெல்லாம் கற்பிக்கிறது. எனவே, இதை உத்தியோகத்துக்கான படிப்பு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது வேண்டும்.

பெண் படித்தால் ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) அதை நூறு வருடங்களுக்கு முன்பே சந்தித்தார். 1891 இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று பாடசாலை திறந்தபோது, அதன் பொறுப்பைத் தம் சகோதரி முத்து நாச்சியாரிடமே ஒப்படைத்தார். தம் வீட்டுப் பெண்ணை முன்னே நிறுத்திவிட்டுத்தான் பிறர் வீட்டுப் பெண்களை அழைத்தார். கேரளத்திலிருந்து இங்கு மணமுடித்து வந்த ஆயிஷா ரவூப் அம்மையாரோ, பம்பலப்பிட்டியில் 1946 இல் தொடங்கிய முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கினார். திருமணம் அவருடைய கல்விப் பணியை நிறுத்தவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் நபித்தோழர்களே வந்து மார்க்க விளக்கம் கேட்டுத் தெளிந்தார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆனால் எல்கடுவை போன்ற இடங்களின் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இத்தனை காலம் பிந்திய ஊர்களில் படித்த ஆசிரியை ஒருத்தி உருவாவது அவள் குடும்பத்துக்கு மட்டும் கிடைக்கும் நன்மையல்ல.

இனி, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகள்மாருக்காகச் சில விபரங்கள்.

ஒன்று, இசட் புள்ளி மூலம் பல்கலைக்கழகம் புகுவது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுகிறது. பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் மாத்தளை இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் அந்த 5 வீதத்தை நம்பியிருக்க முடியாது.

இரண்டு, தேசிய கல்வியியற் கல்லூரி. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானவை இவை. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. முடிவில் கிடைப்பது பட்டமல்ல, கற்பித்தல் டிப்ளோமா. ஆசிரியையாகச் சேர்ந்தபின், 1985 இல் நிறுவப்பட்ட மகரகம தேசிய கல்வி நிறுவகத்தினூடாகக் கல்விமாணிப் பட்டத்துக்குப் படிக்கலாம்.

மூன்று, 1980 இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். வீட்டிலிருந்தபடியே படித்து, குறித்த நாட்களில் வகுப்புக்கும் பரீட்சைக்கும் போனால் போதும். மலைநாட்டாருக்குப் பொல்கொல்லையிலுள்ள கண்டிப் பிராந்திய நிலையம் கிட்டியது. எந்தப் பாடநெறி எந்த மொழியில் நடக்கிறது என்பதை விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் பி.எட். என்பது ஒரு பட்டம் பெற்றபின் படிப்பது. இங்கே கல்விமாணி முதற்பட்டமாகவே படிக்கக்கூடியது. வேறு பட்டம் பெற்றவர்கள் படிப்பது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. தனியார் நிறுவனம் எதிலும் பணம் கட்டுமுன், அது தரும் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டுப் பிறகு அழுவதில் பயனில்லை.

எல்கடுவைக்குத் திரும்புவோம். அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் தங்கை என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "ராத்தா, அந்தப் புள்ளைக்கு எத்தன நாள் அடிச்சிருப்பேன்!" என்றாள். கண் கலங்கியிருந்தது. சம்பந்தத்தைப் பற்றி அவள் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

"வேண்டாம் என்று சொல்லாதே. படிப்பை முடிக்க விடுவார்களா என்று பெரியவர்கள் முன்னிலையில் நேரே கேள். பஸ்ஸில் தனியே போவது பயமென்றால் வாப்பாவோ, பிறகு மாப்பிள்ளையோ கூட்டிப் போய் வரட்டும். பிள்ளை பிறந்தால் ஒரு வருடம் பிந்தலாம், முற்றாக விட வேண்டியதில்லை. இதையெல்லாம் நிக்காஹ்வுக்கு முன்னால் பேசு. பின்னால் பேசினால் அது சண்டையாகிவிடும்."

காலையில் தங்கையின் கணவர் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பேசினார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. வரும் பதில் எதுவானாலும், படிப்பை நிறுத்தச் சொல்வதில்லை என்று உம்மாவும் வாப்பாவும் முடிவெடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அது போதும் போலிருந்தது. நான் பஸ் ஏறும்போது, சனிக்கிழமை வகுப்புக்குரிய புத்தகங்களுக்கு மழையில் நனையாதிருக்க உறை போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி திண்ணையில் புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவனுடைய உம்மா.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பேச்சு வந்திருக்கலாம். பதில் சொல்லுமுன், மகள் என்ன படிக்கிறாள் என்று ஒரு தடவை அவளிடமே கேட்டுப் பாருங்கள். நம் பெண்மக்களுக்குப் பயன்தரும் கல்வியை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.