மதிப்பெண் தாளைத் திறந்து வையுங்கள்

ஆராய்ச்சிக்கான அரசுப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதை விஞ்ஞானிகளே கூடி முடிவு செய்கிறார்கள். வேறு வழியும் இல்லை. புரதம் பற்றிய ஆய்வுத் திட்டத்தைக் கருவூல அதிகாரியால் எடைபோட முடியாது. ஆனால், இந்த ஆண்டு குழுவில் உட்காருபவர் அடுத்த ஆண்டு விண்ணப்பதாரர். ஒரே சங்கத்து உறுப்பினர்கள், ஒரே மாநாட்டு மேடை. சலுகையைத் தடுக்க நாம் பெரிதும் நம்பியிருப்பது, தெரிந்தவரின் விண்ணப்பம் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும் விதியை. அது போதாது என்பதற்கு ஸ்வீடனில் சான்று இருக்கிறது.

1995-இல் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு நிதிக்கு 62 ஆண்களும் 52 பெண்களும் விண்ணப்பித்தார்கள். தேர்வான 20 பேரில் பெண்கள் நால்வர்தான். கிறிஸ்டீன் வென்னெரோஸ், அக்னெஸ் வோல்ட் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் மதிப்பீட்டு ஆவணங்களைக் கேட்டார்கள். மன்றம் மறுத்தது, நீதிமன்றம் கொடுக்க வைத்தது. ஆணுக்கு நிகரான மதிப்பெண் வாங்க ஒரு பெண் 2.5 மடங்கு சாதித்திருக்க வேண்டும் என்ற அவர்களின் முடிவு 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வந்து உலகெங்கும் பேசப்பட்டது. அதே கட்டுரையில் இருந்த இன்னொன்று அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. குழுவில் ஒருவரோடு தொடர்பிருந்தால் கிடைத்த அனுகூலம், ‘நேச்சர்’ தரத்து இதழில் கூடுதலாக மூன்று கட்டுரை வெளியிட்டதற்குச் சமம். இத்தனைக்கும் அந்த உறுப்பினர் விதிப்படி மதிப்பெண் போடவே இல்லை. அள்ளிப் போட்டவர்கள் பக்கத்து நாற்காலிக்காரர்கள்.

துறைக்கு நாலு நிபுணர்தான் இருப்பார்கள், அறிமுகம் இல்லாதவரை எங்கே தேடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் நிதித் தேர்வை ஆராய்ந்து பொருளியலாளர் டேனியெல் லி 2017-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தம் துறைக்கு நெருக்கமான விண்ணப்பங்கள்மேல் நிபுணர்களுக்குச் சாய்வு உண்டு; ஆனால், அவற்றில் நல்லது எது என்று கண்டுபிடிப்பதிலும் அவர்களே கெட்டிக்காரர்கள். எனவே அவர்களை வெளியேற்றுவது தீர்வல்ல. யாருக்கு எவ்வளவு மதிப்பெண், குழுவில் யாரோடு என்ன தொடர்பு என்பதை வெளியிட வேண்டும். வெளிப்படையாக்கினால் மனம் திறந்து மதிப்பிட மாட்டார்கள் என்ற அச்சத்துக்கும் வழியுண்டு: எந்த மதிப்பெண்ணை யார் போட்டார் என்பதை மட்டும் மறைத்துவிடலாம்.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் தேவைப்படும் என்று அரசு மதிப்பிட்டது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ‘தனிநபர் தகவல்’ என்று சொல்லி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. அந்த இரு பெண்களைப்போல இங்கே யாராவது மதிப்பெண் தாளைக் கேட்டால், இந்தத் திருத்தம்தான் பதிலாக வரக்கூடும். அறக்கட்டளை தானாகவே வெளியிட்டால் யாரும் கேட்க வேண்டியதில்லை. அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.